மேடு காணாத கால்கள்

கல்முனைக் கரையிலிருந்து ஹப்புத்தளை மலைவரை சைக்கிள் மிதிப்போர் பற்றிய சிறப்புக் கட்டுரை

வெல்லவாயவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுகின்ற மலைவீதியில், தியலும நீர்வீழ்ச்சியின் இரைச்சல் பின்னே தேய்ந்து, கொஸ்லந்தைத் தேயிலைச் சரிவுகள் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிற வளைவொன்றில், உச்சி வெயில் நேரத்தில், வண்டிகளை மதகுக் கட்டில் சாய்த்துவிட்டு, இனி ஓர் அடிகூட மிதிக்க இயலாது என்கிற நிச்சயத்தோடு நாங்கள் மூவர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். மற்றவர் மருதமுனையில் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மூன்றாமவன் இதை எழுதுகிறவன். காற்சட்டையில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. கைப்பிடியை மணிக்கணக்கில் இறுக்கியிருந்த விரல்கள், பிடியை விட்ட பிறகும் நிமிர மறுத்து மடங்கியே கிடந்தன. கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அருகில் வந்த வயோதிப ஸ்திரீ ஒருத்தி எங்களையும் வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏஞ் சாமி, பஸ்ஸுக்குக் காசு இல்லாமலா இப்பிடி வாறீங்க?"

"காசு இருக்கும்மா. ஆசையில வாறம்" என்றார் ஆசிரியர்.

"இதுக்குப் போய் ஆசையா!" என்று வாய்விட்டுச் சிரித்தவள், தன் மத்தியானத்துக்கென்று போத்தலில் கொண்டுவந்திருந்த சாயத்தண்ணியை எங்கள் முன்னே நீட்டினாள். "குடிங்க. மேல இன்னும் ஏத்தம் கெடக்கு."

அந்த அம்மையாரின் கேள்வியே இப்போது பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரையுள்ள தேநீர்க் கடைகளில் எல்லாம் வாதப்பிரதிவாதமாக நடந்துகொண்டிருக்கிறது. வேலைவெட்டி உள்ள ஆண்பிள்ளைகள், பந்தயப் பணமோ பதக்கமோ கிடைக்காது என்று தெரிந்திருந்தும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைநாட்டை நோக்கிச் சைக்கிளில் புறப்படுவது பைத்தியக்காரத்தனமா, தேகாப்பியாசமா, அல்லது இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏதோ ஒன்றா?

சமவெளியின் வாகனம்

நமது கரை, மேடு என்பதையே அறியாத பூமி. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, எங்கே ஓரூர் முடிந்து மற்றோரூர் ஆரம்பிக்கிறது என்பது அந்நியருக்கு விளங்காதபடி தொடுத்துக் கிடக்கும் இந்த நெடுந்தெருவில், துவிச்சக்கர வண்டி ஒருபோதும் விளையாட்டுச் சாமானாக இருந்ததில்லை. மீன்பெட்டி கட்டியது அதுவே. நெல்மூட்டை ஏற்றியது அதுவே. பிள்ளையை முன்பாரிலும் பெண்சாதியைப் பின்கரியலிலும் வைத்து மாமி வீட்டுக்குப் போனதும் அதுவே. மோட்டார் சைக்கிள் மலிந்தபோது வாப்பாமாரின் பழைய ராலியும் லுமாலாவும் கொல்லைப்புறத்தில் துருவேறின.

2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது அந்த வண்டிகள் மறுபடி தெருவுக்கு வந்தன. புதிய சைக்கிள்களின் விலை பன்மடங்காக ஏறியமையால், ஜப்பானிலிருந்து கொள்கலன்களில் வந்திறங்கிய பழைய கியர் சைக்கிள்களுக்குக் கிராக்கி உண்டாயிற்று. பருத்த டயரும், முன்முள்ளில் அதிர்ச்சி தாங்கும் சுருளும், இருபத்தொரு கியரும் கொண்ட அவ்வண்டிகளைக் காரியாலயம் போய்வர வாங்கியவர்களில் ஒருசிலர், இத்தனை கியரும் எதற்கு என்று யோசிக்கத் தலைப்பட்டார்கள். கடற்கரை மணலில் அவற்றுக்கு வேலையில்லை. மேற்கே, தெளிந்த வைகறைகளில் வயல்வெளிக்கு அப்பால் நீலமாகத் தெரியும் மலைகளில்தான் வேலை இருந்தது.

> பெட்டிச் செய்தி: மலைச் சைக்கிள் பிறந்த கதை
>
> கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், டாமல்பாயிஸ் மலையை அடுத்த வனப்பாதைகளில், 1970களில் சில இளைஞர்கள் பழைய பருமனான சைக்கிள்களை மேலே கொண்டுபோய்ச் சரிவில் விட்டு விளையாடினார்கள். 1976 ஒக்டோபரில் அதுவே நேரக்கணிப்புப் பந்தயமாயிற்று. பின்மிதிப் பிரேக்கின் குடம் கொதித்து உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போய்விடுமாதலால், ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பந்தயத்துக்கு 'ரீபேக்' என்ற பெயர் வந்தது அப்படித்தான். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அக்கூட்டத்தில் பிரசித்தமானவர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் ஓட்டம் இடம்பெற்றது.

யார் துணையோடு?

நெடுந்தூர மிதிப்பில் உலகெங்கும் இருவகைச் சம்பிரதாயங்கள் உண்டு. முதலாவது, பரிவாரத்தோடு போவது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ 4,800 கிலோமீற்றரைத் தனியாளாகப் பன்னிரண்டு நாட்களுக்குள் கடக்க வேண்டிய 'ரேஸ் அக்ரோஸ் அமெரிக்கா' அத்தகையது. 2016இல் அதை முயன்று முடிக்க இயலாமற் போன இந்திய இராணுவ வைத்தியர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், மறு ஆண்டே திரும்பிச் சென்று, 11 நாள் 18 மணித்தியாலம் 45 நிமிடத்தில் முடித்து, அதைத் தனியாக நிறைவுசெய்த முதல் இந்தியரானார். அதே பந்தயத்தில் அவருக்குச் சற்றுப் பின்னே முடித்த நாக்பூர் அமித் சமர்த்தும் வைத்தியர். 2015இல் இருவர் அணியாக அதை நிறைவுசெய்த நாசிக் மகாஜன் சகோதரர்களும் வைத்தியர்கள். மனித சரீரம் எதைத் தாங்காது என்று மற்றவர்களுக்கு உபதேசிக்கிற உத்தியோகத்தில் இருப்பவர்களே இதில் முந்திக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் வாகனமும், உணவு நீட்டுவோரும், வழி சொல்வோரும், தூங்க விடாமல் பேச்சுக் கொடுப்போருமாக ஒரு சிறு கூட்டம் இரவுபகல் ஊர்ந்து வந்தது.

இரண்டாவது, எவர் துணையுமின்றிப் போவது. கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிக்கோ எல்லை வரை ரொக்கி மலைத்தொடர் வழியாகச் சுமார் 4,400 கிலோமீற்றர் ஓடும் 'டூர் டிவைட்' 2008இல் ஆரம்பமாயிற்று. அங்கே தனக்கென்று ஆள் வைத்துக்கொள்வது குற்றம். எல்லோருக்கும் கிடைக்கிற கடையில் வாங்கியே உண்ண வேண்டும். 2016இல் அதை 13 நாள் 22 மணித்தியாலம் 51 நிமிடத்தில் முடித்த ஆங்கிலேயர் மைக் ஹால், 2017 மார்ச்சில் அவுஸ்திரேலியாவில் இதே மாதிரியான பந்தயமொன்றில், கன்பராவுக்கு அருகே வீதியில் வாகனம் மோதி உயிர் துறந்தார்.

இலங்கை மலைகளுக்கும் இவ்விளையாட்டுப் புதிதன்று. நேபாளத்தில் 5,416 மீற்றர் உயரத்துத் தொரோங் கணவாயைக் கடக்கும் 'யாக் அட்டாக்' பந்தயத்தை நடத்தியவர்களே, 2014இல் நமது மலைநாட்டில் 'ரம்பிள் இன் த ஜங்கிள்' என்ற பலநாள் மலைச் சைக்கிள் பந்தயத்தை நடத்தினார்கள். தமிழகத்திலோ, 2008 முதல் நீலகிரியைச் சுற்றிப் பல நாட்கள் மிதிக்கும் யாத்திரையொன்று நடந்துவருகிறது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் முப்பத்தாறு கொண்டையூசி வளைவுகளில் பொறியியலாளரும் வங்கி அலுவலரும் மூச்சிரைக்க ஏறுகிறார்கள்.

கல்முனைக்காரன் இவ்விரண்டு சம்பிரதாயங்களிலும் சேராதவன். பரிவாரம் வைக்க அவனிடம் பணமில்லை. தனித்துப் போகிறேன் என்ற பிரதிக்ஞையும் அவனுக்குக் கிடையாது. வழியிலுள்ள ஜனங்களே அவனுடைய பரிவாரம். முன்பின் அறியாத அந்த ஜனங்கள் தண்ணீர் தருவார்களா, சந்தேகப்படுவார்களா என்பது, சரிவின் செங்குத்தைவிட இந்தப் பிரயாணத்தை நிர்ணயிக்கிற விஷயம். இக்கட்டுரை சொல்ல வந்ததும் பெரும்பாலும் அதுவே.

கச்சானுக்கு எதிரே

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை வயல்களினூடே அம்பாறையை அடைந்து, தமனை வழியாகச் சியம்பலாண்டுவ, பின்பு மொனராகலை, புத்தளை, வெல்லவாய என்று போகிற பாதை ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வரைபடத்தில் பார்த்தால் மலை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை. ஆயினும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் புறப்பட்டவன் வெல்லவாயவுக்கு வருவதற்குள் பாதி உயிராகிவிடுவான். காரணம் கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரமற்றுக் கிழக்கே இறங்கும்போது அனலாகிறது. அது முகத்துக்கு நேரே வீசுகையில், சமதரையிலும் ஏற்றத்துக்குரிய கியரைப் போட்டுக்கொண்டு, ஒருவர் பின்சில்லோடு மற்றவர் முன்சில்லை ஒட்டி, முறைவைத்து முன்னே போய்க் காற்றை உடைக்க வேண்டும். முன்னால் போகிறவர் களைத்ததும் முழங்கையை அசைத்துக் காட்டி விலகுவார், அடுத்தவர் முன்னேறுவார். இந்த ஒழுங்கு பழகாதவர்கள் தமனைக்கு அப்பாலே பிரிந்துபோய், பிறகு தேநீர்க் கடையில் மனஸ்தாபத்தோடு சந்திப்பார்கள்.

வெல்லவாயவில் இராத்தங்கி, சுபஹுக்குப் பின் புறப்பட்டால் உண்மையான ஏற்றம் ஆரம்பிக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 200 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலிருந்து, நாற்பது சொச்சம் கிலோமீற்றரில், ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்து ஹப்புத்தளைக்கு ஏற வேண்டும். அதற்கு மேலும் ஆசை மிஞ்சியிருப்போர், தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையைக் கடந்து, தொழிலாளர் லயன்களுக்கு நடுவே நெளியும் ஏழு கிலோமீற்றர் தோட்டப் பாதையில் லிப்டன் ஆசனம் என்ற காட்சிமுனைவரை போவதுண்டு.

வயிறு கற்பிக்கும் பாடம்

நெடுந்தூர மிதிப்பில் கால்கள் தோற்பதற்கு முன்பே வயிறு தோற்றுவிடுகிறது. கண் இருண்டு, கை நடுங்கி, காரணமில்லாமல் அழுகையும் கோபமும் வந்து, நேற்றுவரை உயிர்ச்சிநேகிதனாக இருந்தவனை வைது தீர்க்கிற ஒரு கட்டம் வரும். அதற்குத் தத்துவார்த்தமான காரணம் தேட வேண்டியதில்லை. இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது, அவ்வளவே. தறிக்கார இளைஞன் சியம்பலாண்டுவவுக்கு அப்பால், "என்ன வேணுமெண்டாலும் செய்ங்க காக்கா, நான் இஞ்சயே கிடக்கப் போறன்" என்று வீதியோரப் புல்லில் சாய்ந்துவிட்டான். இரண்டு கச்சான் உருண்டையும் ஒரு போத்தல் ஜீவனிக் கரைசலும் உள்ளே போய்க் கால்மணி நேரம் கழிந்ததும், தான் அப்படிச் சொன்னதாகவே ஒப்புக்கொள்ள மறுத்தான்.

> பெட்டிச் செய்தி: பையில் என்ன இருக்க வேண்டும்?
>
> தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். கடுமையாக மிதித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று முன்பின்னாகத் தீர்ந்துவிடும். ஆகவே பசிக்கு முன்பே, மணிக்கு 60 கிராம் அளவில் மாச்சத்தோ சீனியோ உள்ளே போக வேண்டும். பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, வாழைப்பழம், சீனிச் சம்பல் வைத்த பாண் ஆகியவை போதும். நம் வெப்பத்தில் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வேர்க்கும். வெறுந்தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்துமாகும். உப்பும் சீனியும் கலந்த ஜீவனி பக்கற்றுகள் அவசியம்.

நோன்பு காலத்தில் இக்கணக்கெல்லாம் தலைகீழாகும். ஏறத்தாழ பதின்மூன்றரை மணித்தியாலம் நீரும் ஆகாரமுமின்றி இருப்பவர், தேகம் கெடாமல் பயிற்சியைக் காப்பாற்ற விரும்பினால், நோன்பு திறப்பதற்கு முந்திய கடைசி நேரத்தில் மெதுவாக மிதித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையின் முன் வந்து அமர்வதே உசிதம். மலைப் பிரயாணங்களை ஒத்தி வைப்பதே பொதுவழக்கம். முசாபிருக்கு, அதாவது பிரயாணிக்கு, நோன்பை விட்டுப் பின்னர் களாவாக நோற்கச் சலுகை உண்டு என்று வாதிக்கிற ஒருவர் எங்கள் மத்தியிலும் இருக்கிறார். வேண்டுமென்று மேட்டைத் தேடிப் போகிறவனுக்கு அச்சலுகை எம்மட்டு என்று மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வரும்படி அவரை அனுப்பினோம். அவர் இன்னும் கேட்கவில்லை.

ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியாது

கரையோரத்தான் ஏற்றத்தை ஒருவாறு சமாளித்துவிடுவான். வெயிலும் காற்றும் அவனுக்குப் பொறுமையைக் கற்பித்திருக்கின்றன. அவனை வீழ்த்துவது இறக்கம். கல்முனைத் தெருவில் பிரேக்கைவிட மணிதான் முக்கியம். ஒரு பிரேக் மட்டுமே பிடிக்கிற வண்டியில் ஆயுள் முழுவதும் ஓடியவர்கள் அநேகர். அத்தகையவர் ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது, பயத்தில் பிரேக்கை விடாமல் அமுக்கியபடியே வருவார். றிம் சூடேறி, ரப்பர் கட்டை கருகி நாறும். பிறகு பிடித்தும் பிடிக்காது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரு பிரேக்கையும் விட்டுவிட்டு அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் புகுந்ததும் விரலைத் தளர்த்தி, வெளிப்புற மிதிகட்டையைக் கீழே வைத்து, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பள்ளத்தைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். மழைக்குப் பின் தோட்டப் பாதைக் கற்களில் பாசி வழுக்கும். அங்கே வெட்கப்படாமல் இறங்கி உருட்டுவதே விவேகம். இந்த மலைகளும் சாதுவானவை அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மண் மூடிய இடம் இந்த வீதிக்கு அருகில்தான். வடகீழ்ப் பருவ மழையின்போது அப்பக்கம் விளையாட்டுக்குப் போவது எனக்குச் சம்மதமில்லை.

முதுகுப் பை

ஒரு முஸ்லிம் இளைஞன் முதுகில் பையோடு அந்நிய ஊரொன்றில் வந்து நிற்பது, சில காலத்துக்கு முன், அவனுக்கும் ஊராருக்கும் சங்கடமான காட்சியாக இருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, உணவில் மலட்டு மாத்திரை கலப்பதாகக் கிளம்பிய பொய்வதந்தியை நம்பி, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக் கொடுமைக்குப் பின், ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருது வீடொன்றில் நிகழ்ந்த மோதலிலும் வெடிப்பிலும் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டார்கள். அதன்பின் சோதனைச் சாவடிகளில் நம்மவர் பையைக் கொட்டிக் காட்டிய தினங்கள் எத்தனையோ. அந்த அச்சம் உம்மாமாரின் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. "அல்லாட காவலில போய் வா மனே, அம்பாறைப் பக்கம் சுணங்காத" என்பதே வாசலில் கிடைக்கும் ஆசீர்வாதம்.

காரில் போகிறவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த ஊரைக் கடந்துவிடலாம். சைக்கிள்காரனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவனுக்குத் தாகமெடுக்கும், டியூப் வெடிக்கும், மழை வரும். எவரிடமாவது கேட்டே தீர வேண்டும். தமனைக்கு அப்பால் காற்றுப் போன சில்லோடு நாங்கள் நின்றபோது, வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஏறிவந்த சிங்கள விவசாயி, "மல்லி, வத்துர பொன்ன" என்று முதலில் தண்ணீரைக் காட்டினார். பிறகு தாமே குந்தியிருந்து, சொலூசன் காயும்வரை ஊதி ஊதி ஒட்டுப் போட்டார். எங்களுடைய சிங்களமும் அவருடைய தமிழும் மொத்தமாக நாற்பது வார்த்தை தேறாது. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் தம் தகப்பனார் வந்து குடியேறிய கதையை அதற்குள்ளேயே சொல்லி முடித்தார். 1949இல் ஆரம்பித்த அத்திட்டத்தைப் பற்றி நம் கரையில் வேறுவிதமான கதையும், நில இழப்பின் ஆதங்கமும் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பஞ்சர் அந்த ஆதங்கத்தைத் தீர்த்துவிடும் என்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரரின் முகம் இப்போது எனக்குத் தெரியும்; அவருக்கும் என்னுடையது தெரியும்.

யானைக்கு வழி விடுதல்

மலைக்குப் போகாமல் உள்ளூரிலேயே காட்டுப் பாதை தேடுவோருக்குப் பெரிய அபாயம் யானை. நாட்டில் அண்மைய ஆண்டுகளில் மனித–யானை மோதலில் வருடத்துக்கு ஏறத்தாழ நானூறு யானைகளும், நூறுக்கு மேற்பட்ட மனிதரும் மடிகின்றனர். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில், நம் ஊர்களிலிருந்து போகிற பொலித்தீனைத் தின்று, 2022 தொடக்கத்துக்கு முந்திய எட்டு ஆண்டுகளில் இருபது யானைகள் அளவில் மாண்டதாகச் செய்தி வந்தது. சத்தமின்றி வருவதே சைக்கிளின் சிறப்பு. யானைக் காட்டில் அதுவே அதன் தோஷம். வளைவில் திடீரென்று எதிரே தோன்றும் மனிதனை யானை விரும்புவதில்லை. அந்திக்குப் பின்னும் விடியுமுன்னும் இங்கினியாகலைப் பக்கம் மிதிப்பதில்லை என்பதில் எங்களுக்குள் விவாதமே கிடையாது.

வீட்டுக் கணக்கு

இத்தனைக்கும் செலவைத் தருவது யார்? வாரவிடுமுறையில் கணவன் மலையேறுகையில் பிள்ளைகளைப் பார்ப்பதும், சந்தைக்குப் போவதும், திரும்பி வந்தவனின் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சுவதும் வீட்டுப் பெண்கள். பரிவாரம் இல்லை என்று மேலே சொன்னேன்; அது வீட்டு வாசலுக்கு வெளியே மாத்திரம் பொருந்தும். அப்பெண்களுக்கும் ஏறிப் பார்க்க ஆசை உண்டா என்று நம் கூட்டங்களில் எவரும் கேட்பதில்லை. 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தில், பல்லாயிரம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியது. அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். நம் கரையில் பாடசாலைக்குச் சைக்கிளில் போகிற பிள்ளை, பெரிய வகுப்புக்கு வந்ததும் அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள். ஆசிரியருடைய மகள் அப்படிக் கொடுக்க மறுத்துவிட்டாள். சென்ற மாதம் அவள் தகப்பனோடு சம்மாந்துறை வயல் வீதியில் போய்வந்ததை ஊரில் சிலர் முகம் சுளித்துப் பேசினார்கள். "மேடு வந்தா இறங்கி உருட்டுவியா?" என்று அவளிடம் கேட்டேன். "வாப்பாதான் உருட்டுவார்" என்றாள்.

மீதியுள்ள கஷ்டம் உதிரிப்பாகம். வண்டி விழும்போது முதலில் வளைவது பின்கியரை மாட்டியிருக்கும் சிறு தகடு. அது ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு வடிவம், கல்முனையில் கிடைக்காது, கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். ஆகவே நமது சைக்கிள் திருத்துநர் ஒருவர் இரும்புத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, பழையதை வைத்து அளவு பார்த்துத் தாமே ஒன்று செய்து கொடுக்கிறார். சொந்தத் தகடு மெல்லிய அலுமினியம். இவருடையது வளையவே வளையாது, ஆனால் விழுந்தால் கியரே உடையும் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார். கூலி என்ன என்று கேட்டால், "ஹப்புத்தளைக்குத்தானே போறீங்க, வரக்குள்ள வெலிமடைக் கிழங்கு ரெண்டு கிலோ கொண்டு வாங்க" என்கிறார். இரண்டு கிலோ கிழங்கைச் சுமந்துகொண்டு 190 கிலோமீற்றர் மிதிப்பதற்கு, இருநூறு ரூபாய் கேட்டிருக்கலாம்.